நோட்டரி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கொலுசுவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலம் சிவதாபுரம் பக்கம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். அப்புறம் திரும்பிப் போகவில்லை. குடியும் உண்டு, கை நீட்டுவதும் உண்டு. அதற்கு மேல் இங்கே எழுத மனம் வரவில்லை.

இரண்டு வீட்டுப் பெரிய மனுஷர்களும் உட்கார்ந்து பேசினார்கள். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், ஊரே பேசும், பேசி அத்து விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி சீல் வாங்கினால் போதுமாம். வாசகத்தை டைப் அடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். முக்கியமான வரிகளை அப்படியே போடுகிறேன்:

"இன்று முதல் எங்கள் இருவருக்கும் கணவன் மனைவி என்ற பாத்தியதை கிடையாது. இருவரும் அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம். மேற்படி மனைவி ரொக்கம் ரூபாய் ஆறு லட்சம் பெற்றுக்கொண்டு, தனக்கும் மைனர் மகளுக்கும் சேர்த்து இனி எக்காலத்திலும் எதுவும் கோரமாட்டார். நகைகள் யாவும் பெற்றுக்கொள்ளப்பட்டன. மகள் தாயின் பொறுப்பில் இருப்பாள்."

எங்கள் வீட்டில் போட்டது இருபத்தெட்டு பவுன். அதில் பதினொரு பவுன் அவர் பெயரில் அடகில் இருக்கிறது. மிச்சம் மாமியார் பீரோவில். என் கையில் இருப்பது தாலிக்கொடியும் ஒரு ஜோடித் தோடும்தான். அப்படியிருக்க "பெற்றுக்கொள்ளப்பட்டன" என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டால், முதலில் கையெழுத்துப் போடு, நகை தானாக வரும் என்கிறார்கள்.

அவருக்கு வெள்ளிப் பட்டறையில் பங்கு இருக்கிறது, சொந்தமாக ஒரு டாடா ஏஸ் ஓடுகிறது. வருமானம் எல்லாம் கைக்காசு. எதிலும் பெயர் தெரியாது. நான் வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோர்த்துக் கொடுக்கிறேன், வாரக்கூலி. கல்யாணத்தை ரெஜிஸ்தர் செய்யவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

இந்தப் பத்திரம் செல்லுமா? செல்லாது என்றால் முறையாகப் பிரிய எவ்வளவு நாள் ஆகும்? நானும் சம்பாதிக்கிறேன் என்பதால் ஜீவனாம்சம் கிடைக்காது என்று அவர் அண்ணன் சொல்கிறார், அது உண்மையா? பிள்ளைக்கு ஐந்து வயசு தாண்டிவிட்டதால் அப்பா கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? ராத்திரியெல்லாம் இதே யோசனையாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டீச்சரம்மா எழுதியது:

தங்கச்சி, முதலில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே. எவ்வளவு மரியாதைப்பட்ட பெரியவர் வந்து கூப்பிட்டாலும் சரி. "வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல், அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு கிடையாது. வாங்காத நகையை வாங்கியதாக எழுதிக் கேட்பவர்கள் உனக்காக யோசிக்கவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. வாட்ஸப்பில் வந்ததை அழித்துவிடாதே, அதை எடுத்துப் பத்திரமாக வை. விவரமாகச் சொல்லக்கூடிய ஐயா ஒருவர் இங்கே இருக்கிறார், அவர் வருவார்.


அஸ்தம்பட்டி குமாஸ்தா எழுதியது:

அம்மா கண்ணு, நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் வேலை பார்த்தவன். குடும்ப நலக் கோர்ட் கட்டுகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உன் வழக்குக்கென்று முடிவு எடுப்பதை நேரில் பார்க்கும் வக்கீல்தான் செய்ய வேண்டும்.

அந்தப் பத்திரத்தை வரி வரியாகவே எடுத்துக்கொள்வோம்.

"கணவன் மனைவி என்ற பாத்தியதை கிடையாது." இந்த வரிக்கு மதிப்பே இல்லை. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தைக் கோர்ட் டிகிரி, அதாவது கோர்ட் தரும் தீர்ப்பாணை மட்டும்தான் முடித்து வைக்கும். சமூக வழக்கப்படி பிரிவது பழங்காலம் தொட்டு இருந்துவருகிறது என்று நிரூபிக்க முடிந்த சிலருக்கு மட்டும் 29-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. பெரிய மனுஷர்கள் பேசினார்கள் என்பது அந்த விலக்கில் வராது. நோட்டரி சீல் சொல்வது, இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும்தான். நோட்டரிகள் கல்யாணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ போட்டுக் கொடுக்கக் கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகமே 2024-இல் எழுத்துமூலம் சொல்லிவிட்டது. கல்யாணத்தை ரெஜிஸ்தர் செய்யவில்லை என்பதாலும் அது இல்லாமல் போய்விடாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம்தான், ஆனால் பதியாத கல்யாணமும் கல்யாணமே. பத்திரிகை, போட்டோ, தாலி கட்டும்போது இருந்தவர்கள் சாட்சி, இவை போதும்.

"மறுமணம் செய்துகொள்ளலாம்." இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வரி. டிகிரி இல்லாமல் இன்னொரு கல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. செய்தவர் மேல் பாரதிய நியாய சம்ஹிதை 82-ஆம் பிரிவில் வழக்கு வரும், ஏழு வருஷம் வரை தண்டனை. இது அவருக்கும் பொருந்தும், உனக்கும் பொருந்தும். இப்படிப் பத்திரத்தை நம்பி இரண்டாவது கல்யாணம் செய்துகொண்ட பெண்கள், பிற்பாடு புருஷன் இறந்து வாரிசுச் சான்றிதழுக்கு அலையும்போதுதான் தாங்கள் சட்டப்படி மனைவியே இல்லை என்று தெரிந்து உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

"தனக்கும் மைனர் மகளுக்கும் சேர்த்து எதுவும் கோரமாட்டார்." மகளுடைய உரிமையை விட்டுக்கொடுக்க உனக்கே அதிகாரம் கிடையாது. அது அவளுடையது. நீ நூறு பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாலும் அவள் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அப்பாவிடம் கேட்க வழி திறந்தேதான் இருக்கும். உன் ஜீவனாம்சம் வேறு கதை. விவாகரத்தின்போது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, இனி கேட்கமாட்டேன் என்று கோர்ட்டில் எழுதினால் அது உன்னைக் கட்டுப்படுத்தும். அதனால் எழுதுவதற்கு முன்னால் தொகையை நன்றாக யோசி. ஆறு லட்சம் உனக்கா, பிள்ளைக்கா, இருவருக்குமா என்று பிரித்து எழுதச் சொல். பிள்ளை பங்கை அவள் பெயரில் வைப்பு நிதியாகப் போடச் சொல்லலாம். பத்து வயசுக்குள் இருப்பதால் தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கும் தொடங்கலாம், அதில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரைதான் கட்ட முடியும்.

"நகைகள் யாவும் பெற்றுக்கொள்ளப்பட்டன." டீச்சரம்மா சொன்னது சரி. பத்திரம் விவாகரத்தாகச் செல்லாது என்றாலும் இந்த வரி உனக்கு எதிராகப் பேசும். நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று அவர்கள் வக்கீல் காட்டுவார். பிறந்த வீட்டில் போட்ட நகை சீதனம், உனக்கே உரியது, புருஷனோ மாமியாரோ வெறும் காவல்தான். உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. இப்போது செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. நகைக்கடை பில் உன் அம்மாவிடம் இருக்கலாம். இல்லையென்றால் கடையில் பழைய பில் எடுத்துத் தருவார்களா என்று கேட்டுப் பார். கல்யாண ஆல்பத்தில் ஆரம், நெக்லஸ், வளையல் எது எந்தப் போட்டோவில் தெரிகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வை. அடகு வைத்த பதினொரு பவுனுக்கு ரசீது இருக்கும். அதை எப்போதாவது போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாரா என்று பழைய மெசேஜில் தேடு. சமரசத்தில் "அடகு நகையைக் கணவர் தன் செலவில் மீட்டு, இன்ன தேதிக்குள் எடை பார்த்து ஒப்படைப்பார்" என்று பவுன் கணக்கோடு வர வேண்டும்.

சரி, முறையான வழி எது? இருவருக்கும் பிரிய சம்மதம் இருப்பதால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துதான் உனக்கு நல்ல வழி. மனு போடுவதற்கு முன் ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். போன ஆடியில் வந்தவள், இந்த ஆடியும் போய்விட்டது, அந்தக் கணக்கு சரியாகிவிட்டது. சேர்ந்து மனு போட்ட தேதியிலிருந்து ஆறு மாசம் கழித்து, பதினெட்டு மாசத்துக்குள் இரண்டாவது முறை இருவரும் வந்து "ஆமாம், பிரிகிறோம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாசத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு வழக்கமாக, மனு போடும்போதே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும், சமரசம் பேசிப் பார்த்துத் தோற்றிருக்க வேண்டும், பணமும் பிள்ளை விஷயமும் தீர்ந்திருக்க வேண்டும். உனக்கு ஒன்றரை வருஷம் தை மாசத்தில் ஆகும். இப்போதே போட்டு ஆறு மாசம் காத்திருப்பதா, தை கழித்துப் போட்டுத் தள்ளுபடி கேட்பதா என்பதை வக்கீலோடு பேசு. நான் சொல்வேன், இப்போதே போடு. தள்ளுபடி ஜட்ஜ் மனசைப் பொறுத்தது, ஆறு மாசம் சட்டத்திலேயே இருப்பது. பெரியவர்கள் பயப்படுகிற வருஷக்கணக்கு இழுபறி, ஒருவர் கேட்டு மற்றவர் மறுக்கிற வழக்குகளில்தான்.

ஒன்றை மறந்துவிடாதே. டிகிரி ஆகும் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் பணத்தை இரண்டு தவணையாக வைப்பார்கள். மனு போடும் நாளில் ஒரு பங்கு, இரண்டாவது முறை ஜட்ஜ் முன்னால் மீதி. டிடியாக வாங்கு, ரொக்கமாக வேண்டாம். டிடி நம்பர் நீதிமன்றப் பதிவில் ஏறும்.

ஊர் பேசும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. குடும்ப நலக் கோர்ட்டில் ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்துவார்கள், 1984 குடும்ப நலக் கோர்ட் சட்டத்திலேயே இருக்கிறது. நோட்டரி வாசலில் பத்துப் பேர் சுற்றி நிற்கக் கையெழுத்துப் போடுவதைவிட அது எவ்வளவோ மறைவு.

ஜீவனாம்சம் பற்றி அவர் அண்ணன் சொன்னது தவறு. மனைவி சம்பாதிக்கிறாள் என்பதாலேயே மறுக்க முடியாது. அவள் வருமானம் அந்த வீட்டு வாழ்க்கைத் தரத்துக்குப் போதுமா என்று பார்ப்பார்கள். 2020-இல் ரஜ்னீஷ் எதிர் நேஹா தீர்ப்புக்கு அப்புறம் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் சொல்லும் பிரமாண வாக்குமூலம் போட்டாக வேண்டும். கைக்காசு என்று தப்பிக்கிறவர்களுக்கு அதுதான் சிக்கல். டாடா ஏஸ் ஆர்.சி. யார் பெயரில், அதற்கு மாசத் தவணை எவ்வளவு, யார் கணக்கிலிருந்து போகிறது, பட்டறைக்கு ஜி.எஸ்.டி. நம்பர் உண்டா, வெள்ளி எந்தப் பெயரில் வருகிறது, இவை ஒவ்வொன்றும் ஒரு நூல். மாசம் தவணையே இவ்வளவு கட்டுகிறவருக்கு வருமானமே இல்லை என்றால் ஜட்ஜ் நம்பமாட்டார். உனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி வை.

பிள்ளை விஷயத்தில் பயப்படாதே. ஐந்து வயசுக்குள் இருந்தால் சாதாரணமாக அம்மாவிடம் என்று மைனர் பிள்ளைகளின் காப்பாளர் பற்றிய 1956 இந்துச் சட்டம் சொல்கிறது, அவ்வளவுதான். ஐந்து தாண்டினால் அப்பாவிடம் போக வேண்டும் என்று எங்கும் கிடையாது. பிள்ளையின் நலன் எதில் என்பதே கேள்வி. ஒரு வருஷத்துக்கு மேல் உன்னிடம் இருந்து, அதே பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்ணைக் கலைக்கக் கோர்ட் எளிதில் துணியாது.

செலவுக்கு வழியில்லை என்று நின்றுவிடாதே. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. நம் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. வர முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்.


சங்ககிரி லாரி எழுதியது:

நான் மறுபக்கம் நிற்பவன், விவாகரத்து ஆன அப்பா. ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிள்ளையை அப்பா பார்ப்பதைத் தெளிவாக எழுத வையுங்கள். எங்கள் உத்தரவில் "இரு வாரத்துக்கு ஒரு முறை" என்று மட்டும் இருந்தது. எங்கே, எத்தனை மணி, யார் கூட்டி வருவது என்று இல்லை. ஒவ்வொரு முறையும் போனில் சண்டை. பையன் அதைக் கேட்டுக்கொண்டே நிற்பான். பிறகு மனு போட்டு, முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, அவன் தாத்தா வீட்டு வாசலில் கூட்டிப்போய் அங்கேயே விடுவது என்று எழுதி வாங்கினோம். இப்போது சண்டை இல்லை. குரும்பப்பட்டி பூங்காவுக்குக் கூட்டிப் போவேன், மான் கூண்டைவிட்டு நகரமாட்டான். கோடை லீவில் எத்தனை நாள், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வரலாமா, போனில் பேசும் நேரம், எல்லாம் எழுதுங்கள். குடித்துவிட்டு வந்தால் அன்று பார்க்க முடியாது என்பதையும் எழுதுங்கள் தங்கச்சி. உங்கள் நிலையில் அது கேட்கத் தகுந்ததுதான்.


சேர்வராயன் எழுதியது:

ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்திலிருந்து எழுதுகிறேன். காப்பித் தோட்டத்தில் வேலை. நாங்கள் மலையாளி என்ற மலைவாழ் சமூகம், கேரளத்துக்காரர்கள் இல்லை, பழங்குடிச் சான்றிதழ் இருக்கிறது. என் அக்காவுக்கு ஊர் கூடித்தான் பிரித்து வைத்தார்கள். பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பெரியவர்கள் முன்னால் முடிந்துவிட்டது. எங்கள் பாட்டி காலத்திலிருந்தே அப்படித்தான். ஐயா சொல்வதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. அக்கா இப்போது வேறு கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் பிரிந்ததும் செல்லாதா? மாமா வீட்டில் பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. ஊரில் முடித்துவிட்டதால் கேட்க முடியாது என்கிறார்கள்.


அஸ்தம்பட்டி குமாஸ்தா எழுதியது:

தம்பி, நல்லவேளை கேட்டாய். உங்கள் கணக்கு வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவிலேயே, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய இந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று இருக்கிறது. கணவன், மனைவி இருவரும் பழங்குடிப் பட்டியலில் இருந்தால் உங்கள் வழக்கமே உங்கள் சட்டம். ஆக, ஊர் கூடிப் பிரித்தது செல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் "எங்கள் வழக்கம்" என்று சொன்னால் மட்டும் போதாது, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் நிரூபிக்க வேண்டும். நெடுங்காலமாக, விடாமல், எல்லாரும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கிறார்கள் என்பதற்கு ஊர்ப் பெரியவர்கள் சாட்சி, இதே போலப் பிரிந்த வேறு குடும்பங்களின் உதாரணம், பரிசம் திருப்பியதற்கு யார் சாட்சி, இவை வேண்டும். அக்கா மறுமணம் செய்வதற்கு முன்னால், இந்த வழக்கப்படி பிரிந்தது செல்லும் என்று விளம்புகைத் தீர்ப்பு கேட்டுக் குடும்ப நலக் கோர்ட்டில் மனு போடலாம். ஒருவர் தாலுகா ஆபீஸில் கேட்டாலும், ஒருவர் பேங்கில் கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் இருக்கும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்வது நல்லது, சாட்சி சொல்ல அவர்கள்தான் வர வேண்டும். கட்டிய மாமா வேறு சமூகம் என்றால் இதில் எதுவும் பொருந்தாமல் போகலாம், அதை வக்கீலிடம் முதல் வார்த்தையாகச் சொல்.

பிள்ளைச் செலவு விஷயத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. ஜீவனாம்சப் பிரிவு, பழைய 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில் 144, எல்லா மதத்துக்கும் எல்லாச் சமூகத்துக்கும் பொது. ஊரில் முடித்தது அதைத் தடுக்காது. ஒன்று மட்டும் கவனம்: உத்தரவு ஆன பிறகு பணம் தராவிட்டால், பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் பழைய பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது. பழங்குடி என்பதால் அக்காவுக்கும் இலவச வக்கீல் உண்டு. மலை இறங்கினால் கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி, பஸ் இந்த வழியாகத்தான் வரும்.

ஏற்காட்டில் சபைக்காரக் குடும்பங்களும் இதைப் படிக்கலாம். கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம். அதன் 10-ஏ பிரிவில் சம்மத விவாகரத்துக்குப் பிரிந்து வாழ்ந்த காலம் இரண்டு வருஷம் என்று போட்டிருக்கிறது. திருச்சபை கல்யாணத்தை ரத்து செய்து தந்த கடிதம் சபைக்குள் சரி, சட்டத்துக்குக் கோர்ட் டிகிரிதான்.


கொலுசுவீடு எழுதியது:

ஐயா, அண்ணா, டீச்சரம்மா, எல்லாருக்கும் கோடி நன்றி. உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை வரவில்லை என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டோம். அவருக்குக் கோபம். "கோர்ட்டுக்கு அவன் வரமாட்டான், அப்புறம் ஆறு லட்சமும் போய்விடும்" என்கிறார். நிஜமாகவே அவர் கையெழுத்துப் போட வராவிட்டால் நான் என்ன செய்வது? அவர்மேல் போலீஸில் கேஸ் கொடுத்தால்தான் வழிக்கு வருவார் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. உடனே விவாகரத்துகூட வேண்டாம், தொந்தரவு இல்லாமல் தனியாக இருந்தால் போதும் என்றும் சில நேரம் தோன்றுகிறது.


அஸ்தம்பட்டி குமாஸ்தா எழுதியது:

கண்ணு, நல்ல முடிவு எடுத்தாய். பெரியப்பா கோபம் தணியும். அவருக்கு இதைச் சொல்: டிகிரி இல்லாவிட்டால் அந்த ஆளும் இன்னொரு கல்யாணம் செய்ய முடியாது. அவருக்கும் கோர்ட்டுக்கு வர வேண்டிய தேவை இருக்கிறது.

வரவே மாட்டார் என்றால் நீ தனியாக இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் கொடுமையைக் காரணமாகச் சொல்லி மனு போடலாம். மனைவி தான் குடியிருக்கும் இடத்துக்குரிய கோர்ட்டிலேயே போடலாம், 2003-லிருந்து அந்த உரிமை இருக்கிறது. கூடவே 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்ச மனு. நோட்டீஸ் அவருக்குச் சேர்ந்த அறுபது நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா கூடக் குறைய ஆகும், ஆனால் 2020 தீர்ப்புப்படி மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்பதால் தாமதத்தில் உன் பணம் போகாது. இப்படி மனு கோர்ட்டில் பதிவாகி நோட்டீஸ் போன பிறகு, கோர்ட் கவுன்சிலிங்கில் உட்கார்ந்து பேசி, சம்மத மனுவாக மாற்றிக்கொண்ட ஜோடிகள் உண்டு. குடும்ப நலக் கோர்ட்டின் முதல் வேலையே பேச வைத்துப் பார்ப்பதுதான்.

தனியாக இருந்தால் போதும் என்கிறாயே, அதற்கும் வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவில், தனித்து வாழக் கோர்ட் தரும் நீதிமுறைப் பிரிவினை உத்தரவு. கல்யாணம் அப்படியே இருக்கும், சேர்ந்து வாழும் கடமை மட்டும் நின்றுபோகும். அந்த உத்தரவுக்குப் பிறகு ஒரு வருஷம் சேராமல் இருந்தால் அதையே காரணமாக வைத்து விவாகரத்துக் கேட்கலாம். மனம் உறுதிப்படாதவர்களுக்கு அது நல்ல இடைவழி. உன் எழுத்தைப் படித்தால் நீ உறுதியாகத்தான் இருக்கிறாய், களைத்துப் போயிருக்கிறாய், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது உன் முடிவு.

போலீஸ் விஷயத்தில் உன் மனசு சொல்வதைக் கேள். பேரத்துக்காகக் கேஸ் கொடுக்காதே. சமரசமும் கெடும், பொய்யாக ஒரு வார்த்தை சேர்ந்தாலும் உண்மையான அடியும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆனால் இனி அவர் வாசலில் வந்து தகராறு செய்தாலோ கை வைத்தாலோ தயங்கவே கூடாது. மகளிர் காவல் நிலையம், இல்லையென்றால் 181 பெண்கள் உதவி எண். அடிபட்டால் அரசு மருத்துவமனையில் காட்டி, யார் அடித்தது என்று ஏ.ஆர். நோட்டில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல். முன்பு அடித்தபோது காட்டிய சீட்டு ஏதாவது இருந்தால் தேடி எடு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் முன் மனு போட்டால், உன்னிடம் வரக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவும், நகையைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவும், செலவுப் பணமும் ஒரே மனுவில் கேட்கலாம். பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் கொடுக்கலாம், வக்கீல் இல்லாமலேயே.

சட்டப் பணிகள் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போ, காலையிலேயே போய்விடு. கல்யாணப் பத்திரிகை, இரண்டு மூன்று போட்டோ, உன் ஆதார், மகள் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, நகை பில், அந்த வாட்ஸப் வாசகத்தின் பிரிண்ட். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இரண்டு செட். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதே, காட்டிவிட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு வா. அம்மாவையும் கூட்டிப் போ.